மெல்லிய ப, தடித்த ப

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்கத்தா லேக் கார்டன்ஸில் மாலை நேர வங்காள எழுத்து வகுப்பு ஒன்றில் சேர்ந்திருந்தேன். வங்கி மாற்றலில் இந்த ஊருக்கு வந்து, ஓய்வு பெற்ற பிறகும் இங்கேயே தங்கிவிட்டவர்களுக்கு வங்காளம் பேச வரும், எழுத வராது. முதல் வாரம் ஆசிரியை, ‘என் அப்பா நல்லவர்’ என்று எழுதச் சொன்னார். எழுதினேன். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“உங்கள் பாவம் நல்லது என்று எழுதியிருக்கிறீர்கள்” என்றார்.

வங்காளத்தில் பாப் என்றால் அப்பா. பாப் என்றால் பாவம். அச்சுப் பிழை என்று நினைக்காதீர்கள். முதல் பாப், ‘பலம்’ என்பதைப் போலத் தடித்துத் தொடங்கும். இரண்டாவது ‘பல்’ என்பதைப் போல மெல்லியதாக. அவர்களுக்கு அது இரண்டு எழுத்து. நமக்கு ஒன்றே போதும். பல்லையும் பலத்தையும் ஒரே ப-வால் எழுதிவிட்டு, படிக்கிறவர் பார்த்துக்கொள்வார் என்று நாம் பாட்டுக்குப் போய்விடுவோம்.

இந்த நம்பிக்கையால் யாருக்காவது வேலை போயிருக்குமா, அல்லது வேலை கிடைத்திருக்குமா என்று யோசித்தபடி வீடு திரும்பினேன். கதை அப்படித் தொடங்கியது. [‘கதை’யும் இதே ரகம்தான். மெல்லிய க போட்டால் நீங்கள் இப்போது படிப்பது. தடித்த க போட்டால் பீமன் தோளில் இருப்பது. இது எது என்று முடிவில் நீங்கள் சொல்லுங்கள்.]

2

முதல் தொடக்கம்: “1909ஆம் ஆண்டு, ஹூக்ளி நதியின் மேல் சூரியன் மெல்ல—”

விட்டுவிட்டேன். இந்தக் கதையில் சூரியனுக்கு வேலை இல்லை. வேலை இல்லாதவன் ஒருவன் ஏற்கெனவே இருக்கிறான், இன்னொருவர் எதற்கு?

இரண்டாம் தொடக்கம்: “ஊரில் திருவேங்கடத்தின் அம்மா படுத்த படுக்கையாக—”

வேலை தேடுகிறவர்களின் கதைகளில் அம்மாக்கள் எப்போதும் படுத்த படுக்கைதான். அடுத்த வரைவில் அவரைக் குணப்படுத்திவிட்டேன். மன்னார்குடியில் சௌக்கியமாக இருக்கிறார். இனி வரமாட்டார்.

மூன்றாம் தொடக்கம், நிற்கிறது:

திருவேங்கடம் கல்கத்தாவுக்குக் குமாஸ்தா ஆக வந்து, சமையல்காரனாக மாட்டிக்கொண்டான்.

மாட்டிக்கொண்டது எப்படி என்று விளக்குகிறேன். பவானிபூரில் மதராஸ்காரர்கள் சேர்ந்து நடத்திய மெஸ் ஒன்று இருந்தது. கம்பெனிகளிலும் சர்க்கார் ஆபீஸ்களிலும் வேலை பார்த்த தனிக்கட்டைகள் அங்கே தங்கிச் சாப்பிட்டார்கள். திருவேங்கடம் வேலை தேடி அங்கே வந்து இறங்கிய சமயம், மெஸ் சமையல்காரர் காசிக்குப் போனவர், திரும்பி வர மனமில்லாமல் அங்கேயே தங்கிவிட்டார். மெஸ் காரியதரிசி சந்தானம், “வேலை கிடைக்கற வரைக்கும் கொஞ்சம் அடுப்பைப் பாத்துக்கோடா” என்றார். திருவேங்கடம் அன்று சாத்தமுது வைத்தான். ஐயங்கார் வீடுகளில் ரசத்துக்கு அதுதான் பெயர். அதை அவன் கொஞ்சம் மோசமாக வைத்திருந்தால் இந்தக் கதை இல்லை. மெஸ்ஸில் எல்லோரும் இலையை வழித்து நக்கினார்கள். அதோடு, புதுச் சமையல்காரரைத் தேடுவதையும் அவனுக்கு வேலை தேடிக் கொடுப்பதையும் ஒரே நாளில் நிறுத்திக்கொண்டார்கள்.

செய்தி மன்னார்குடி போய்ச் சேர்ந்தது. மாமனார் ஒரே வாக்கியத்தில் தீர்ப்பு சொன்னார்: “கரண்டி பிடிக்கறவனுக்கா பொண்ணைக் குடுத்தேன்? நாற்காலியிலே உக்காரட்டும், மறுநாளே ரயிலேத்தி அனுப்பறேன்.”

அந்தப் பெண் நாகலக்ஷ்மி. கல்யாணமாகியும் பிறந்த வீட்டிலேயே இருக்கிறாள். பெட்டியைக் கட்டி வைத்துவிட்டாள். அவளைக் கதைக்குள் கூட்டிவரப் பலமுறை முயன்றேன், மாமனார் வழிவிடவில்லை. ஆகவே இந்தப் பக்கத்துக்கு வெளியே, பெட்டியும் கையுமாக நிற்கிறாள். முடிவு இல்லாத கதை உங்களுக்குப் பிடிக்கலாம், எனக்கும் பிடிக்கும். அவளுக்குப் பிடிக்காது.

3

பௌபஜாரில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் மாலை வகுப்பு. பகலில் எங்கேயாவது ஒட்டிக்கொண்டு பிழைப்பவர்கள், மாலையில் அங்கே சுருக்கெழுத்தும் டைப்பும் படித்துப் பெரிய இடத்துக்குத் தாவப் பார்த்தார்கள். துரைமார்கள் பேசப்பேச எழுதிக்கொள்ள ஆள் கிடைக்காத காலம் அது. ஆசிரியர் ஹரிசாதன் பாபு. மாணவர்களுக்கு மாஸ்டர்மொஷாய். திருவேங்கடமும் அங்கே போய்ச் சேர்ந்தான்.

சுருக்கெழுத்து எப்படி வேலை செய்கிறது என்று சொல்லட்டுமா? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது; தாண்டிப் போய்விடாதீர்கள்.

அதில் ஸ்பெல்லிங் கிடையாது, சத்தம் மட்டும்தான். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு கோடு. ‘பல்’லின் ப சொல்லிப் பாருங்கள். உதடு ஒட்டிப் பிரிகிறது. ‘பலம்’ சொல்லுங்கள். உதடு செய்வது அதே வேலைதான், ஆனால் தொண்டையில் ஒரு ரீங்காரம் கூடுகிறது. வாய்க்குள் இவை இரட்டைப் பிள்ளைகள். எனவே இரண்டுக்கும் ஒரே சாய்ந்த கோடு. ரீங்காரம் இருந்தால் பென்சிலைக் கொஞ்சம் அழுத்த வேண்டும். மெல்லிய கோடு, தடித்த கோடு. அவ்வளவுதான் வித்தியாசம். க, த, ட எல்லாவற்றுக்கும் இதே ஏற்பாடு. என்ன சிக்கனம், என்ன அழகு!

[ஒரு அடிக்குறிப்பை இங்கேயே சொருகுகிறேன்: தமிழ் இதைவிடச் சிக்கனம். அழுத்தக்கூட வேண்டாம் என்கிறது. அந்தக் கணக்கில் நாம் எல்லோரும் பிறந்தது முதல் சுருக்கெழுத்துதான் எழுதுகிறோம்.]

இப்போது உங்களுக்குத் திருவேங்கடத்தின் சங்கடம் புரிந்திருக்கும். என் சங்கடமும் புரிந்திருக்க வேண்டும். அவன் பிழை செய்கிற இடத்தை நான் எழுத வேண்டும். அதை எழுதும் எழுத்தே அந்தப் பிழையைச் செய்கிறது. வேறு வழியில்லை. தேவைப்படும்போது பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு [மெல்லியது], [தடித்தது] என்று எழுதிவிடுகிறேன். இங்கிலீஷும் ஹிந்துஸ்தானியும் கலந்து அவர்கள் பேசியதையும் தமிழிலேயே தருகிறேன். தாதா [அண்ணன்], மொஷாய் [ஐயா] இரண்டை மட்டும் தொடவில்லை. அவற்றை மாற்றினால் ஆளே மாறிவிடுகிறார்.

முதல் பாடம். மாஸ்டர்மொஷாய் ஒரு வியாபாரக் கடிதம் சொன்னார். கம்பளிக் கோட்டுகளைக் கப்பலில் அனுப்பியிருக்கிறோம், பில்லை இத்துடன் வைத்திருக்கிறோம் என்று. திருவேங்கடம் எதையும் அழுத்தாமல் எழுதிவிட்டு, எழுதியபடியே படித்தான். பில் [மெல்லியது] என்றால் மாத்திரை.

“மாத்திரையை இத்துடன் வைத்திருக்கிறோமா?” என்றார் மாஸ்டர்மொஷாய். “கீழே மருந்துக் கடை இருப்பது உண்மைதான், தீரு பாபு. கடிதம் அவர்களுடையது இல்லை. அழுத்துங்கள்!”

மறுநாள் அவன் பயத்தில் எல்லாவற்றையும் அழுத்தினான். பில் சரியாகிவிட்டது. ஆனால் கோட் [தடித்தது] என்றால் ஆடு.

பக்கத்துப் பெஞ்சில் இருந்தவன் நிதாய் தத்தா. கார்டன் ரீச்சில் ரயில்வே ஆபீஸில் நுழைய வேண்டும் என்பது அவன் கனவு. “கம்பளி ஆடு இருக்கலாம், தாதா” என்றான். “ஆனால் ஆட்டுக்கு முன்பக்கம் பித்தளைப் பொத்தான் என்று அடுத்த வரியில் வருகிறதே, அதை யார் தைத்தது?”

வகுப்பு சிரித்து ஓயும்வரை மாஸ்டர்மொஷாய் காத்திருந்தார். “உங்கள் காதில் கோளாறா?”

“காது நன்னாத்தான் கேக்கறது, மாஸ்டர்மொஷாய். எங்க பக்கத்துல இதையெல்லாம் படிக்கறவா புரிஞ்சுப்பா.”

“இங்கே படிக்கிறவர் துரை. புரிந்துகொள்வதற்கு அவருக்குச் சம்பளம் இல்லை.”

4

இந்தப் பகுதியில் திருவேங்கடம் மனம் உடைந்து நதிக்கரையில் உட்கார்ந்து—

இல்லை. அவன் அப்படிப்பட்டவன் இல்லை. இதை எழுதிப் பார்த்தேன், எழுந்து போய்விட்டான். மாலை ஏழு மணிக்கு மேல் அவனுக்கு அடுப்பு வேலை இருக்கிறது.

அவன் கையில் கோளாறு கிடையாது என்பதற்கு மெஸ்ஸே சாட்சி. கைமுறுக்கு சுற்றுகிறவனுக்கு விரல் அழுத்தத்தை யாரும் சொல்லித்தர வேண்டாம். அவன் சுருக்கெழுத்தை முறுக்கு மாவிலேயே பழகினான். ஒரு நாள் தட்டில் வந்தவற்றைப் பார்த்துச் சந்தானம் திகைத்தார்.

“என்னடா இது? ஒண்ணு நேரா இருக்கு, ஒண்ணு சாஞ்சிருக்கு, ஒண்ணுக்கு வால் இருக்கு. முறுக்குன்னா முறுக வேண்டாமோ?”

“அண்ணா, அது ‘தங்கள் கடிதம் கிடைத்தது.’”

சந்தானம் வாலைக் கடித்துப் பார்த்தார். “கடிதத்துல உப்பு கம்மி. இதோ பாரு, ஆபீஸ் நாற்காலியெல்லாம் மூட்டைப்பூச்சி. இங்கே உனக்கு என்னடா குறைச்சல்?”

“நாற்காலி இல்லாததுதான் குறைச்சல்.”

கை தயார், காதுக்குத்தான் வழி வேண்டும். அதை நிதாய் கண்டுபிடித்தான். டிராமில் போகும்போது திருவேங்கடத்தின் ஆள்காட்டி விரலைப் பிடித்து அவன் தொண்டைக்குழியிலேயே வைத்தான்.

“சொல்லு. அதிர்ந்தால் அழுத்து. அதிராவிட்டால் விடு.”

“பில்” என்றான் திருவேங்கடம். விரல் அதிர்ந்தது. “பில்.” அதிரவில்லை. அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தனக்குள் இத்தனை நாள் ஒரு வீணை இருந்தது தெரியாமல் ஊறுகாய் ஜாடி என்று நினைத்துக்கொண்டிருந்தவன் மாதிரி.

பதிலுக்கு அவன் நிதாய்க்கு வ சொல்லிக்கொடுத்தான். வங்காளிகளின் வாயில் வ தங்காது. வேங்கடம் என்றால் பேங்கடம்தான். மேல் பல்லால் கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டு ஊதச் சொன்னான். டிராம் கண்டக்டர் இருவரையும் பார்த்தார். ஒருவன் தன் கழுத்தைத் தானே பிடித்துக்கொண்டு ‘ப, ப’ என்கிறான். இன்னொருவன் உதட்டைக் கடித்துக்கொண்டு ‘வ்வ்வ்’ என்று கண்ணீர் விடுகிறான்.

“ஆஸ்பத்திரி அடுத்த நிறுத்தம்” என்றார் கண்டக்டர் கனிவாக.

5

கிளைவ் தெருவில் தேயிலை ஏற்றுமதிக் கம்பெனி ஒன்று. [பெயர் வைக்கவில்லை. தேயிலைக்குக் கெட்ட பெயர் வர வேண்டாம்.] அங்கே சுருக்கெழுத்தர் வேலை காலி. மாஸ்டர்மொஷாய் சிபாரிசில் திருவேங்கடம் பரீட்சைக்குப் போனான். இன்னும் சிலரும் வந்திருந்தார்கள்.

துரைக்கு ஒரு பெரிய மீசை. மீசைக்குக் கீழே புகைக்குழாய். குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டேதான் பேசுவார். குழாய் இருக்கும் வாயில் உதடு முழுதாக ஒட்டாது. உதடு ஒட்டாமல் ப ஏது? மெல்லியது, தடித்தது எல்லாம் ஒரே புகையாக வந்தது. இங்கிலீஷ்காரரே வாயில் குழாய் வைத்தால் தமிழ் எழுத்து மாதிரி ஆகிவிடுகிறார் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

திருவேங்கடம் எழுந்து நின்றான். “சார், மன்னிக்கணும். வாயிலேர்ந்து குழாயை எடுத்துட்டுச் சொன்னா சௌகரியமா இருக்கும்.”

அந்த அறையில் இருந்த மற்றவர்கள் தங்கள் நாற்காலிகளை அவனிடமிருந்து கொஞ்சம் நகர்த்திக்கொண்டார்கள். துரை குழாயை எடுத்தார். அதைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு கடிதம் சொன்னார். திருவேங்கடம் இடது கை விரலைத் தொண்டையில் வைத்து, ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினான்.

துரை பாதியில் நிறுத்தினார். “இவன் என்ன, பிரார்த்தனை செய்கிறானா?”

தலைமைக் குமாஸ்தாவான பொடோபாபு கைகட்டிச் சொன்னார்: “மதராஸிகளுக்குப் பக்தி ஜாஸ்தி, சார்.”

“சத்தம் வராமல் செய்யச் சொல்.”

பரீட்சை முடிந்தது. தாள்களை வாங்கிப் பார்த்துவிட்டு, எல்லோரையும் வெளியே காத்திருக்கச் சொன்னார் துரை. குழாயை மறுபடி வாயில் வைத்துக்கொண்டார். இப்போது அவர் தன் முடிவைப் பொடோபாபுவுக்கு எழுத்தில் தர வேண்டும். அவர் கையால் எழுதுகிறவர் இல்லை. சொல்வார், ஒருவர் எழுதி டைப் அடிப்பார். அந்த ஒருவர் இல்லாததால்தானே இத்தனையும்? கதவருகில் குனிந்து, விழுந்த பென்சிலைத் தேடிக்கொண்டிருந்த திருவேங்கடத்தைப் பார்த்து, “நீ, எழுது” என்றார்.

ஒருவனைப் பற்றிய தீர்ப்பை அவனிடமே சொல்லி எழுதச் சொல்வாரா என்று நீங்கள் கேட்கலாம். நானும் இங்கேதான் பல நாள் நின்றேன். துரைக்கு, எழுதுகிறவன் ஆள் இல்லை. பேனாவுக்கு மேல் பக்கம் இருப்பது. பேனாவிடம் யாராவது எதையாவது மறைப்பார்களா?

துரை சொன்னது இது. அப்படியே தருகிறேன்:

‘தி மதராஸி இஸ் தி பெஸ்ட் ஆஃப் தி லாட். ஆக்ட் அக்கார்டிங்லி.’

பெஸ்ட் [தடித்தது] என்றால் வந்தவர்களிலேயே முதல்தரம். பெஸ்ட் [மெல்லியது] என்றால் வந்தவர்களிலேயே பெருந்தொல்லை. பிறகு, ‘அதன்படி செய்க.’

துரை தொப்பியை எடுத்துக்கொண்டு சாப்பாட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

திருவேங்கடம் தாளைப் பார்த்தான். இரண்டு சொல்லுக்கும் ஒரே சாய்வு, அதே வால், அதே புள்ளி. கோடு மட்டும் அழுத்தியும் அழுத்தாமலும் நடுவில் எங்கேயோ இருந்தது. விரலைத் தொண்டையில் வைத்துத்தான் எழுதினான். ஆனால் சத்தம் வரக்கூடாது என்ற உத்தரவால் கிசுகிசுத்து எழுதினான். நீங்களும் ‘பல், பலம்’ என்று கிசுகிசுத்துப் பாருங்கள். கிசுகிசுப்பில் தொண்டை வேலை செய்யாது. வெறும் காற்றுதான் போகும். வீணையின் தந்தியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு மீட்டின மாதிரி. கிசுகிசுப்பில் எல்லா ப-வும் மெல்லியதுதான்.

தாள்களை வைத்து ஊகிக்கலாமா? அவன் தாள் சரியாக இருந்திருக்கும், அப்படியானால் தடித்தது. துரையின் வாயிலிருந்து குழாயைப் பிடுங்கியவனும் அவன்தான், அப்படியானால் மெல்லியது.

படியிறங்கி ஓடினான். துரை வண்டியில் ஏறிவிட்டார்.

“சார்! பெஸ்ட்டா, பெஸ்ட்டா?”

அவசரத்தில் தொண்டையை மறந்துவிட்டான். இரண்டும் ஒன்றாகவே வந்தன.

துரை குழாய்க்குப் பின்னாலிருந்து சொன்னார்: “அதைத்தானே நானும் சொன்னேன். பெஸ்ட்!”

வண்டி போய்விட்டது.

6

இப்போது அவன் டைப் மிஷின் முன்னால் நிற்கிறான். சுருக்கெழுத்தில் ஒட்டிப் பிறந்த இரட்டையரை டைப் மிஷின் பிரித்து வைத்திருக்கிறது. ஒன்று [மெல்லியது] மேல் வரிசையின் வலது ஓரத்தில், சுண்டுவிரலுக்கு. மற்றொன்று [தடித்தது] கீழ் வரிசையில், இடது ஆள்காட்டிவிரலுக்கு. தொண்டையில் வைக்கிற அதே விரல். பொடோபாபு எதிரே காத்திருக்கிறார்.

எழுதிப் பார்த்த முடிவுகளைக் கீழே தருகிறேன். நன்றாக இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

(அ) இடது விரல். வேலை கிடைக்கிறது. நாகலக்ஷ்மி ஹௌராவில் வந்து இறங்குகிறாள். மெஸ்ஸே திரண்டு வரவேற்கப் போகிறது. சந்தானம் குழைந்து, “ஏம்மா, உனக்குச் சாத்தமுது வைக்க வருமோ?” என்கிறார். அவள், “வரும். ஆனா நானும் அந்தச் சாயங்கால கிளாஸ்ல சேரப்போறேன்” என்கிறாள். [இந்த முடிவு எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அதனாலேயே நம்ப முடியவில்லை.]

(ஆ) சுண்டுவிரல். பொடோபாபு படித்துவிட்டு, மெதுவாகக் கதவைக் காட்டுகிறார். மெஸ்ஸில் கொண்டாட்டம், பாயசம். பாயசம் வைக்கிறவன் திருவேங்கடமேதான். [நாகலக்ஷ்மி பெட்டியைப் பிரிக்கிறாள் என்று ஒரு வரி எழுதினேன். கை வரவில்லை, அடித்துவிட்டேன்.]

(இ) முதல் எழுத்தை அடிக்காமல் இடம் விட்டுத் தருகிறான். படிக்கிறவர் புரிந்துகொள்வார் என்று. பொடோபாபு அந்த இடத்தில் தன் பேனாவால் வேறொரு எழுத்தைப் போட்டு, ‘வெஸ்ட்’ என்று ஆக்கிவிடுகிறார். “மதராஸ் மேற்கிலா இருக்கிறது? தெற்கு அல்லவா! துரைக்குப் பூகோளம் வராது” என்று தலையில் அடித்துக்கொள்கிறார். [வேடிக்கைதான். ஆனால் வேடிக்கை மன்னார்குடியில் யாரையும் ரயிலேற்றாது.]

7

ஆகவே உங்களிடம் வருகிறேன். தப்பித்துக்கொள்வதற்காக இல்லை. தமிழில் எழுதியதால், உண்மையிலேயே அந்தச் சொல் உங்களிடம்தான் இருக்கிறது. துரை என்ன சொன்னார் என்பதை நான் எழுதிவிட்டேன். நான் எழுதியது எது என்பது எனக்குத் தெரியாது.*

இடது கை ஆள்காட்டி விரலைத் தொண்டைக்குழியில் வையுங்கள். பஸ்ஸில் இருந்தாலும் பரவாயில்லை. கண்டக்டர் ஆஸ்பத்திரி நிறுத்தத்தைச் சொன்னால் நன்றி சொல்லிவிடுங்கள். மனசுக்குள் படிக்கக்கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது, அதில் எது வரும் என்று நமக்குத் தெரியும். மன்னார்குடியில் ஒருத்தி கட்டிய பெட்டியின் மேல் உட்கார்ந்து, உங்கள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் காதில் விழுகிற மாதிரி, வாய்விட்டு:

தி மதராஸி இஸ் தி பெஸ்ட் ஆஃப் தி லாட்.

அதிர்ந்ததா?

——

* லேக் மார்க்கெட் மளிகைக் கடைச் சுவரில், ‘பெஸ்ட் கண்ட்ரோல்’ என்று தமிழில் ஒரு விளம்பரம் ஒட்டியிருக்கிறது. கரப்பான்பூச்சி ஒழிக்கிறவர்களுடையது. நீங்கள் தினமும் அந்த வழியாகப் போகிறவராக இருந்தால், தயவுசெய்து இந்தக் கடைசி வரியை வேறு யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.